இலையின் எடையும் கொழுந்தின் தரமும்: மலைச் சானல்களின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது?

கோத்தகிரி வட்டாரத்தில் பச்சைத் தேயிலை வாங்கும் கொட்டகை எதற்குப் போனாலும் அங்கே முதலில் கண்ணில் படுவது தராசுதான். அது மூட்டையின் எடையைச் சொல்லும். மூட்டைக்குள் இருப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்தா, கத்தரியால் வெட்டிச் சேர்த்த முற்றல் இலையா என்பதைச் சொல்லாது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சை இலையிலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கும். இலையின் எடையில் பெரும்பகுதி நீர்தான். எடைக்கு மட்டுமே கூலியும் விலையும் என்று ஆகிவிட்டால் பறிப்பவரின் கை முற்றல் இலையை நோக்கிப் போவது இயல்பு. அப்படிப் போனால் குன்னூர் ஏலத்தில் தூளின் விலை இறங்கும். இறங்கிய விலை சுற்றி வந்து தோட்டக்காரரின் தலையிலேயே விழும். எதை அளக்கிறோமோ அது பெருகும், அளக்காமல் விட்டது தேயும் என்பதை நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் பல பத்தாண்டுகளாக நேரில் பார்த்து வருகிறார்கள். பிரிட்டனின் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றி எழுதுகையில் இதையே வேறு சொற்களில் சொன்னார்: கட்டுப்படுத்துவதற்கான கருவியாக ஒரு புள்ளிவிவரத்தைப் பிடித்துக்கொண்டால், அதுவரை அது காட்டிவந்த உண்மையை அதன்பின் காட்டாது. இன்று அது அவர் பெயராலேயே குட்ஹார்ட் விதி எனப்படுகிறது.

இதே மலையில் இப்போது இன்னொரு விளைச்சலும் நாள்தோறும் நிறுக்கப்படுகிறது. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் அறுவடையைப் படம் பிடிப்பவர், நீலகிரியின் படுகர்கள் பேசும் படுகு மொழியில் பாடிப் பதிவேற்றுபவர், தேயிலைச் செடியைக் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிவிடக் கற்றுத்தருபவர், மலை ரயிலையும் தங்கும் விடுதிகளையும் சுற்றிக் காட்டுபவர் எனக் கைப்பேசியும் சானலும் வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்ததும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை சப்ஸ்கிரைபர்?" என்பது, இரண்டாவது கேள்வி "மாசம் எவ்வளவு வருது?" என்பது. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கான விடைகளை வைத்துக்கொண்டு ஒரு சானல் வென்றதா தோற்றதா என்று முடிவு கட்டுவது, மூட்டையை நிறுத்துவிட்டுத் தேநீரின் சுவையைச் சொல்ல முயல்வதைப் போன்றது. அந்த எண்கள் யாருடைய தேவைக்காக உண்டாக்கப்பட்டவை, அவை எப்படிக் கணக்கிடப்படுகின்றன, மலையில் இருந்துகொண்டு படம் எடுப்பவர் அவற்றில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்பதை இங்கே விளக்கமாகப் பார்க்கலாம்.

முதலில் 'பார்வை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது ஏதோ இயற்கை அளவைப்போலத் தோன்றினாலும், அதன் பொருளைத் தளங்கள் காலத்துக்குக் காலம் மாற்றி வந்திருக்கின்றன. 2005இல் தொடங்கிய யூடியூப், தொடக்க ஆண்டுகளில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதையே முதன்மையாகக் கொண்டு காணொளிகளைப் பரிந்துரைத்தது. கவர்ச்சியான முகப்புப் படத்தைப் போட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் ஏமாற்றும் காணொளிகள் அதனால் பெருகின. 2012இல் அந்நிறுவனம் தன் பரிந்துரை முறையைப் பார்வை நேரத்தை நோக்கித் திருப்பியது. காணொளிகள் நீளத் தொடங்கின. நடுவில் விளம்பரம் வைக்கப் பத்து நிமிட நீளம் வேண்டும் என்ற வரம்பு இருந்தவரை, ஆறு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைப் பத்து நிமிடத்துக்கு இழுப்பது வழக்கமாயிற்று. 2020 ஜூலையில் அந்த வரம்பு எட்டு நிமிடமாகக் குறைந்ததும் இழுவையும் எட்டு நிமிடத்துக்கு வந்து நின்றது. குறுங்காணொளிகளின் கதையும் இதுவே: 2025 மார்ச் 31 முதல் ஒரு ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று யூடியூப் கணக்கிடுகிறது, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற நிபந்தனை இல்லை. அன்றைக்கு ஒரே இரவில் பலருடைய பார்வை எண்ணிக்கை ஏறியது. பார்த்தவர்களின் கவனத்தில் எந்த மாற்றமும் இல்லை. வருவாய்ப் பங்கீடும் தகுதியும் பழைய கணக்கின்படியே தொடர்ந்ததால், எண்ணிக்கை ஏறியதற்காக யாருக்கும் கூடுதலாக ஒரு ரூபாயும் வரவில்லை. ஃபேஸ்புக் 2016இல் ஒப்புக்கொண்ட பிழை இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. மூன்று நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டுச் சராசரிப் பார்வை நேரத்தைக் கணக்கிட்டு, உண்மையைவிடப் பெரிய எண்ணை விளம்பரதாரர்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அது காட்டிவந்தது.

இவற்றை நான் குற்றப்பட்டியலாகச் சொல்லவில்லை. விளம்பரத்தை விற்கும் நிறுவனத்துக்கு, ஒரு திரையின் முன் எத்தனை கண்கள் எவ்வளவு நேரம் இருந்தன என்பதுதான் சரக்கு. அந்தச் சரக்கை அளக்கும் தராசை அது தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்வதில் வியப்பில்லை. கோத்தகிரியில் உட்கார்ந்து படம் எடுப்பவர் அந்தத் தராசைத் தன் வேலையின் மதிப்பை அறியும் கருவியாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அடுத்தது வாசல். ஒரு சானல் விளம்பர வருவாயில் பங்கு பெற வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பொதுப் பார்வை நேரமும் வேண்டும் என்று 2018 தொடக்கத்தில் யூடியூப் அறிவித்தது. பின்னர், குறுங்காணொளி எடுப்பவர்களுக்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வை என்ற மாற்று வழியும் வந்தது. 2023இல் 500 சந்தாதாரர், 3,000 மணி நேரம் என்று இன்னொரு தாழ்வான படியும் வைக்கப்பட்டது. அந்தப் படியில் இரசிகர்கள் நேரடியாகத் தரும் பணத்தைப் பெறலாம், விளம்பரப் பங்கு கிடைக்காது. 4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடங்கள். ஆறு நிமிடக் காணொளியை மக்கள் சராசரியாக மூன்று நிமிடம் பார்ப்பதாக வைத்துக்கொண்டால் ஓராண்டில் 80,000 பார்வைகள் தேவை. சென்னையிலிருந்து பொதுத் தமிழில் சமையல் சானல் நடத்துபவருக்கு இது ஏறக்கூடிய படிதான். படுகு மொழியில் நடத்துபவருக்கு?

இந்தக் கேள்வியில்தான் மலைக்குரிய விஷயம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி படுகு மொழியைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குச் சற்று மேல். அதில் பச்சிளங்குழந்தைகளும் கைப்பேசி தொடாத மூத்தோரும் அடக்கம். மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே அப்போது 7,35,394. நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களோ இரண்டாயிரம் பேர் அளவில் உள்ள சமூகம். பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தபோது மேலே இருப்பதைத் தொகுதி என்றும் கீழே இருப்பதைப் பகுதி என்றும் சொல்லித்தந்தார்கள். தளங்கள் நமக்குக் காட்டுவது தொகுதியை மட்டும். பகுதியை ஒருபோதும் காட்டுவதில்லை. 20,000 சந்தாதாரர்களுள்ள ஒரு படுகு பாட்டுச் சானலையும் 20,000 சந்தாதாரர்களுள்ள ஒரு தமிழ்த் திரைச்செய்திச் சானலையும் அருகருகே வைத்தால் திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முன்னதன் பகுதி ஒரு லட்சத்து முப்பதாயிரம், பின்னதன் பகுதி பல கோடி. தன் மொழி பேசுவோரில் ஆறேழு பேருக்கு ஒருவரைச் சென்றடைந்த படைப்பாளியைச் 'சின்னச் சானல்' என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தாதாரர் எல்லாரும் அம்மொழி பேசுபவர்களாகவே இருக்க மாட்டார்கள் என்பது உண்மை. அதையும் கழித்துப் பார்த்தாலும் இந்த ஏற்றத்தாழ்வு அடங்காது.

தோடப் பெண்களின் பூத்தையலை அந்தச் சமூகத்தின் இளம் பெண்களுக்காகவே ஒருவர் பதிவு செய்து வைக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காணொளிக்கு நூறு பார்வை வந்தாலும், பார்த்த நூறு பேரில் முப்பது பேர் ஊசியைக் கையில் எடுத்திருந்தால் அதைவிடப் பெரிய வெற்றி வேறு என்ன? இந்த எண்ணை எந்தப் புள்ளிவிவரப் பக்கமும் காட்டாது. தோடர் குடியிருப்பான மந்துக்குப் போய், யார் யார் தைக்கிறார்கள் என்று கேட்டால்தான் தெரியும்.

ஆகவே வெற்றியை வரையறுப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது பகுதியை. இந்தக் காணொளி யாருக்கு? அவர்கள் மொத்தம் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தால் போதும்? கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை நடமாட்டத்தை அதிகாலையில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போடுபவரின் பகுதி, அன்று அந்தச் சாலையில் தோட்டத்துக்கும் பள்ளிக்கும் நடக்க வேண்டிய இருநூறு பேர்தான். அவர்கள் வீட்டைவிட்டு இறங்குமுன் கேட்டுவிட்டால் வேலை முழுமை பெற்றது. மதியத்துக்குமேல் அந்தப் பதிவுக்கு மதிப்பே இல்லை. அது பத்தாயிரம் பேருக்குப் பரவினாலும் ஒன்றுதான்.

பார்வை நேரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேயிலைச் செடிக்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள். எந்த உயரத்தில் வெட்டுவது, வெட்டுவாயைச் சரிவாக வைப்பது எப்படி, எந்தக் கிளையை விட்டுவைப்பது என்று சொல்லித்தரும் எட்டு நிமிடக் காணொளியை ஒரு விவசாயி திறக்கிறார். அவருக்குத் தெரியாதது வெட்டும் உயரம் மட்டும். இரண்டாவது நிமிடத்தில் விடை கிடைத்ததும் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுகிறார். தளத்தின் கணக்கில் இது பாதியில் கைவிடப்பட்ட காணொளி. அவர் அடுத்த நான்கு ஆண்டுகள் அந்தச் சானல் பக்கம் வரப் போவதில்லை; ஆகவே திரும்ப வரும் பார்வையாளர் என்ற அளவிலும் தோல்வி. ஆனால் அவர் தோட்டத்தில் செடி சரியான உயரத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. நீலகிரியில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தேயிலை விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உண்மையில் தேவையான காணொளிகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை: ஒருமுறை தேவைப்படும், விரைவில் விடை தரும், விடை கிடைத்ததும் மூடப்படும். சமையலறையில் ஒரு பாத்திரத்தைத் தேடுபவர் அது கிடைத்ததும் வெளியே வந்துவிடுவார். அதிக நேரம் உள்ளே நின்றால், பாத்திரம் வைத்த இடம் சரியில்லை என்று பொருள்.

இதற்காகப் பார்வை நேரத்தை ஒதுக்கித் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. பாட்டுக்கும் கதைக்கும் பயணக் காணொளிக்கும் அது ஓரளவு நேர்மையான அளவு. மக்கள் எந்த நொடியில் விலகினார்கள் என்று காட்டும் வரைகோடு, எடுத்தவருக்கே தெரியாத குறையைப் பல நேரங்களில் காட்டிக்கொடுக்கிறது. முதல் இருபது நொடியில் கோடு செங்குத்தாகச் சரிந்தால், தலைப்பு சொன்னதும் உள்ளே இருப்பதும் வேறு வேறு என்று புரிந்துகொள்ளலாம். நடுவில் ஓரிடத்தில் கோடு மேலே ஏறினால், அந்த இடத்தை மக்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். கவாத்துக் காணொளியில் கத்தி படும் நொடியில் அப்படி ஒரு மேடு இருந்தால், எடுத்தவர் அதைத் தம் மிகப் பெரிய வெற்றியாகக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சராசரி என்னும் எண் ஏமாற்றுவதையும் மலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த ஒரு நாளைச் சேர்த்து ஆண்டுச் சராசரி பார்த்தால் நல்ல மழை என்று வரும். உருளைக்கிழங்குக்குத் தேவையான வாரத்தில் மழை பெய்ததா என்பது அதில் தெரியாது. ஒருவர் 40 காணொளி போட்டிருக்கிறார். 39 காணொளிகளுக்குத் தலா ஆயிரம் பார்வை, சாலையில் யானை மறித்த ஒரு காணொளிக்கு ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 15,975 பார்வை. அவர் அடுத்துப் போடும் காணொளிக்குப் பதினைந்தாயிரம் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார். எல்லா எண்களையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் ஆயிரம் என்று வரும். அதுதான் அவருடைய உண்மை நிலை. அந்த நடு எண் ஆறு மாதத்தில் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து நானூறு ஆகியிருந்தால் சானல் வளர்கிறது. யானைக் காணொளியால் வந்த சந்தாதாரர்கள் யானைக்காக வந்தவர்கள். கேரட்டுக்குப் பூச்சி விழுந்ததைச் சொன்னால் அவர்கள் நிற்க மாட்டார்கள். அவர்களைப் பிடித்து வைக்க மறுபடியும் யானையைத் தேடிப் போகும் நிலைக்குத் தள்ளப்பட்ட சிலரை நான் அறிவேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது வனச் சட்டத்தின்படி குற்றம் என்பதும், யானை துரத்தினால் உயிர் மிஞ்சாது என்பதும் அவர்களுக்குத் தெரியாததல்ல.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நீண்ட காணொளிகளில் வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளிக்கு. குறுங்காணொளிகளுக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 விழுக்காடு. ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு என்பது பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், விஷயம் எதைப் பற்றியது, எந்த மாதம் என்பவற்றைப் பொறுத்துப் பல மடங்கு வேறுபடும்; ஒருவருடைய விகிதத்தை இன்னொருவர் அளவுகோலாகக் கொள்ள முடியாது. கணக்கில் 100 டாலர் சேரும்வரை பணம் வங்கிக்கு வராது. விடுதிக்காரர் இலவசமாகத் தங்க வைத்துக் காணொளி எடுக்கச் சொன்னால் அந்தத் தங்கலும் வருமானம்தான். 2022 ஜூலை முதல் இத்தகைய பயன்கள் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் பத்து விழுக்காடு வரிப்பிடித்தம் உண்டு என்ற விதி வந்தது. விளம்பரமாக எடுத்ததை விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்ற நெறிமுறையும் இருக்கிறது. வருமானத்தை வெற்றியாகக் கொள்பவர் மாத வரவை எழுதி வைப்பதோடு நிறுத்தாமல், படம் எடுக்கவும் தொகுக்கவும் பதில் எழுதவும் செலவான மணிகளையும் குறித்து, ஒரு மணிக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பது நல்லது. தோட்ட வேலையின் அன்றாடக் கூலியைவிட அது குறைவாக இருந்தால் குறைவு என்று தெரிந்துகொண்டே தொடரலாம். தெரியாமல் தொடர்வதுதான் குடும்பத்தை நலிய வைக்கிறது.

சந்தாதாரர் எண்ணிக்கையைச் சொத்தாகக் கருதுபவர்கள் 2020 ஜூன் 29ஐ நினைவில் வைத்திருக்க வேண்டும். அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் லட்சக்கணக்கானோரைச் சேர்த்திருந்தவர்களின் எண்ணிக்கை அந்த வாரத்திலேயே ஒன்றுமில்லாமல் போயிற்று. சில நாட்களுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் வந்தன. பலர் அங்கே பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். பழைய பார்வையாளர்களில் சிலர் பெயரைத் தேடிப் பின்னாலேயே வந்தார்கள். அப்படித் தேடி வந்தவர்களின் எண்ணிக்கைதான், தளம் கொடுத்ததல்லாமல் படைப்பாளியே ஈட்டிய எண்ணிக்கை. தடை வந்துதான் அதை அறிய வேண்டும் என்பதில்லை. பரிந்துரையால் வந்தவர் எத்தனை பேர், சானல் பெயரைத் தட்டித் தேடி வந்தவர் எத்தனை பேர் என்று யூடியூபின் புள்ளிவிவரப் பக்கமே பிரித்துக் காட்டுகிறது. என்னைக் கேட்டால், அந்தப் பக்கத்தில் மாதம் ஒருமுறை பார்க்கத் தகுந்த எண் இது ஒன்றுதான்.

கடைசியாக, கழிக்க வேண்டியவை. தேயிலை வாங்குமிடத்தில் ஈரத்துக்கென்று எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். காணொளியின் வெற்றியிலும் அப்படி ஒரு கழிவு உண்டு, அது பெரும்பாலும் எடுத்தவர் கணக்கில் ஏறாமல் ஊர்க்காரர் கணக்கில் ஏறுகிறது. ஆளரவமற்ற ஒரு புல்மேட்டையோ அருவியையோ இடப் பெயருடன் காட்டி, அது பத்து லட்சம் பார்வை பெற்றால், அடுத்த விடுமுறையில் அந்தக் குறுகிய சாலையில் வண்டிகள் வரிசை கட்டும். நீரோடையில் கண்ணாடிப் புட்டிகள் கிடக்கும். கீழேயுள்ள ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, அவசர ஊர்தி ஏற வழி இருக்காது. மலைக்கு வரும் வண்டிகளின் பெருக்கத்தைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று ஆணையிட்டது. 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைக்கப்பட்டது. இந்த நெரிசலுக்குக் காணொளிகள்தாம் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவை வருவதற்கு வெகு காலம் முன்பே ஊட்டி கோடையில் திணறியது. ஆனால் முன்பு கூட்டம் தாவரவியல் பூங்காவிலும் படகு இல்லத்திலும் நின்றது. இப்போது பெயரே தெரியாதிருந்த ஓடைக்கரைக்கும் தோடர் மந்தின் வாசலுக்கும் அது வந்துவிட்டது.

சில படைப்பாளிகள் இடப் பெயரைச் சொல்வதை நிறுத்தியிருக்கிறார்கள். "எந்த இடம் அண்ணா?" என்று கீழே நூறு பேர் கேட்டாலும், அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன இடங்களுக்கு மட்டும் வழி சொல்கிறார்கள். இதனால் தேடலில் அவர்களுடைய காணொளிகள் பின்னுக்குப் போகின்றன, பார்வை குறைகிறது, வரவும் குறைகிறது. அந்தக் குறைவைத் தோல்வியாக எழுதாமல், ஈரத்துக்குக் கழித்த எடையாக எழுதிக்கொள்ளும் கணக்குப் புத்தகம் அவர்களிடம் மட்டும்தான் இப்போதைக்கு இருக்கிறது.